மஞ்சள் தாளில் ஒரு ஜப்பான் கடிதம்

என் மனைவி கோபித்துக்கொண்டு கரையான்சாவடியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய் இருபத்திரண்டு நாள் ஆனபோது, அவளைத் திரும்ப அழைத்துவர நான் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் ராஜசபையின் உதவியை நாடினேன். அம்பத்தூர் வட்டாரத்தில் எனக்கு முன்னால் யாரும் அப்படிச் செய்ததில்லை. செய்திருந்தால் அந்த ஆசாமியைத் தேடிப் பிடித்து, என்ன ஆயிற்று என்று விசாரித்திருப்பேன். என் மானமும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

அவள் போனதற்குக் காரணம் நான்தான். அந்த அண்ணன்தான் என் மச்சான்; அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மச்சான் எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, தோள் துண்டால் அடிக்கடி மூக்கைத் துடைத்தபடி, தங்கள் மல்லித் தோட்டத்தின் பெருமையையும் குடும்பத்தின் பெருமையையும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் தோளிலும் ஒரு துண்டு இருந்தது. அதற்குமேல் நான் என்ன செய்திருப்பேன் என்று நீங்களே ஊகிக்கலாம். மாப்பிள்ளையின் சித்தப்பா சிரித்தார், பிறகு பந்தலே சிரித்தது. மச்சான் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார். கல்யாணம் நின்றுபோகவில்லை. ஆனால் தன் வீட்டு விருந்தில் அந்த மனிதர் அன்று ஒரு கவளம்கூடச் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி துணிகளை மூட்டை கட்டினாள். நான் சமாதானம் சொல்லப் போய், பழக்க தோஷத்தில் அதையும் வேடிக்கையாகவே சொல்லிவிட்டேன். அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்:

“சிரிக்காம ஒரு வார்த்தை பேசத் தெரிஞ்சிச்சின்னா ஆள் அனுப்புங்க. வர்றேன்.”

கேட்பதற்குச் சுலபமான நிபந்தனை. ஆனால் எனக்கு நாற்பது வயது. அதுவரை ஒரு வார்த்தைகூட அப்படிப் பேசிப் பழக்கமில்லை. எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டும்போதே ஏதோ சொல்லி ஐயரைச் சிரிக்க வைத்தவன் நான். ஒரே மகளைக் காஞ்சிபுரத்தில் கட்டிக்கொடுத்து அனுப்பியபோது ஊரே அழுதது. அன்றைக்கும் நான் வண்டி மாட்டைப் பற்றித்தான் ஏதோ வேடிக்கை சொன்னேன். மனதில் கனமாக எது வந்தாலும் வாய் அதை எடுத்துக் கேலியாக ஒரு வாலைக் கட்டிவிட்டு வெளியே அனுப்பிவிடும்.

இந்த நிலைமையில்தான் அந்தப் புத்தகம் கைக்கு வந்தது. நான் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. பயணிகள் மறந்துவிட்டுப் போகிற பொருள்களுக்கு ஓர் அலமாரி உண்டு. அதில் குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் புத்தகம் பல மாதமாகக் கிடந்தது. மத்தியானம் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஈ ஓட்டுவதற்காக அதை எடுத்தேன். பழைய ஜப்பான் அரசவையில் பிரபுக்களும் சீமாட்டிகளும் எப்படி வாழ்ந்தார்கள் என்று படங்களோடு எழுதியிருந்தது.

எனக்கு அதுவரை தெரிந்த ஜப்பான், சைனா பஜாரில் விற்கிற செல்லுலாயிட் பொம்மை. அழுத்தினால் நசுங்கும். மச்சானுக்கு உடைகிற சாமான் எல்லாமே ஜப்பான் சாமான்தான். எதிர் வீட்டு மண்பானை விரிசல் விட்டாலும் ‘ஜப்பான்’ என்பார். அந்த ஜப்பானிலா இதெல்லாம் என்று எனக்குத் தலை சுற்றியது. அங்கே சீமாட்டிகள் திரைக்குப் பின்னால்தான் உட்காருவார்களாம். முகத்தைப் பார்க்க முடியாது. பட்டு அங்கிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு வரை உடுத்தி, கையோர விளிம்புகள் மட்டும் திரைக்கு அடியில் வெளியே தெரிகிற மாதிரி விடுவார்கள். எந்த நிறத்துக்கு அடுத்து எந்த நிறம், எந்த மாதத்துக்கு எந்த அடுக்கு என்று கணக்கு உண்டு. அந்த விளிம்பைப் பார்த்தே பிரபுக்கள் மனதைப் பறிகொடுப்பார்கள். அகில், சந்தனம், கிராம்பு எல்லாம் இடித்துத் தேனில் குழைத்து அவரவர் சொந்தமாகப் புகை வாசனை தயாரிப்பார்கள். இருட்டில் ஒருவர் நடந்துபோனால் வாசனையை வைத்தே பேர் சொல்லிவிடலாம். சபையை இடம், வலம் என்று இரண்டு கட்சியாகப் பிரித்துக் கவிதைப் போட்டி நடத்துவார்கள். நிலாவை நேராகப் பார்ப்பது பட்டிக்காட்டுத்தனம், குளத்துத் தண்ணீரில் பார்க்க வேண்டும்.

படிக்கப் படிக்க எனக்கு ஜன்னலில் டிக்கெட் கேட்டு நின்றவர்களைப் பார்த்தால் எரிச்சல் வந்தது. ஆவடிக்கு ஒன்று கொடு என்று ஒருவர் சொன்னால், அவர் சட்டைக் கையின் விளிம்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன்.

கடிதம் பற்றிய அத்தியாயம் வந்தபோதுதான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். அந்த அரசவையில் மனிதர்கள் முக்கியமான எதையும் வாயால் பேசுவதில்லை. சின்னக் கவிதையாக எழுதி அனுப்புவார்கள். ஐந்தே வரி. அதிலும் நேராகச் சொல்லக்கூடாது. பனி விழுகிறது, பூ உதிர்கிறது என்று எழுதினால் மீதி புரிந்துவிடும். தாளின் நிறம், மையின் கருமை, மடிக்கிற விதம் எல்லாம் பருவத்துக்குப் பொருந்த வேண்டும். கடைசியாக, அந்தப் பருவத்தில் பூக்கிற ஒரு மரத்தின் கொத்தில் கடிதத்தைக் கட்டி, பார்க்க லட்சணமான ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். கொத்தும் தாளும் பொருந்திவிட்டால், பிரிப்பதற்கு முன்பே அந்தப் பெண்ணின் நெஞ்சு படபடக்கும் என்று புத்தகத்தில் இருந்தது.

அது அப்படியே பலித்தது. அந்தப் புத்தகத்தின் மேல் எந்தக் குற்றமும் சொல்ல முடியாது.

வாய் திறக்காமல் சிரிக்காமல் ஒரு வார்த்தை சொல்ல இதைவிட வேறு வழி உண்டா? மறுநாள் எனக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. விடிந்ததும் ஆரம்பித்தேன். முதலில் பூ. மல்லிகை அனுப்ப முடியாது. அந்த வீட்டில் மல்லிகையைக் கண்டால் தராசைத்தான் தேடுவார்கள். அது சித்திரை மாதம். கொல்லையில் வேப்பமரம் இலை தெரியாமல் பூத்து நின்றது. சின்னச் சின்னதாக, வெள்ளையாக, தேன் வாசனையோடு. அதைப் பார்த்ததும் என் ரசனையை நானே மெச்சிக்கொண்டேன். இலையும் பூவுமாக நல்ல கொத்து ஒன்றை ஒடித்தேன். அடுத்து தாள். வேப்பம்பூவின் நடுவே ஒரு வெளிர் மஞ்சள் உண்டு. அதற்குப் பொருத்தமாகத் தாளும் மஞ்சளாக இருந்தால் அரசவையே எழுந்து நிற்கும். சமையலறையில் மஞ்சளை அரைத்துக் கரைத்துத் தாளை முக்கிக் காயவைத்தேன். அப்புறம் கவிதை.

வாசலில் நிழல் விழவில்லை;
மேனி கொதிக்கிறது.
கிணற்று நீர் மட்டும்
குளிர்ந்திருக்கிறது,
யாருக்காக?

படித்துவிட்டுக் கண் கலங்கினேன். என் எழுத்துக்கு நானே கலங்கியது அதுவே முதலும் கடைசியும். தாளை நீளமாக மடித்து, முடிச்சுப் போட்டு, வேப்பங்கொத்தில் கட்டினேன்.

இதைப் படிக்கிற நீங்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். மஞ்சள், வேப்பிலை, மேனி கொதிக்கிறது, வாசலுக்கு யாரும் வருவதில்லை. நம் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட அதற்கு அர்த்தம் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்று காலை நான் நம் ஊரில் இல்லை.

லட்சணமான தூதனுக்கு எங்கே போவது? ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஜட்கா வண்டிக்காரர் தினமும் பூந்தமல்லிப் பக்கம் போகிறவர். மீசை இருந்தது. லட்சணத்துக்கு அது போதும் என்று முடிவு செய்து, எங்கள் தெரு வழியாக வந்தவரை நிறுத்திக் கொத்தை நீட்டினேன். மச்சான் வீட்டில் என் மனைவி கையிலேயே கொடுக்க வேண்டும் என்றேன். அவர் கொத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இறங்கிச் செருப்பைக் கழற்றினார். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“எத்தினி நாளா அண்ணாத்தே?” என்று மட்டும் கேட்டார்.

எத்தனை நாளாகப் பிரிந்திருக்கிறோம் என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு, இருபத்திரண்டு நாள் என்றேன். அவர் முகம் வெளுத்தது. வண்டிச்சத்தம்கூட வாங்காமல் குதிரையைத் தட்டிவிட்டார். கலை என்றால் இதுதான் என்று நினைத்தேன். ஒரு ஜட்காக்காரரையே இப்படிக் கரைத்துவிட்டதே, கட்டிய மனைவியை என்ன செய்யாது!

உள்ளே வந்து பதிலுக்குக் காத்திருக்கத் தயாரானேன். அதையும் முறையாகச் செய்ய வேண்டாமா? பன்னிரண்டு பட்டு அங்கிகளுக்கு வசதியில்லை. பொங்கலுக்கு வாங்கிய சிவப்புச் சட்டை, அதன்மேல் பச்சை, அதன்மேல் ரயில்வே வெள்ளைக் கோட்டு. கையோரத்தில் மூன்று நிறமும் அரை விரற்கடை தெரிகிற மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலை மறைத்த மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சித்திரை வெயில். ஒரு மணி நேரத்தில் சிவப்புச் சாயம் இளகி மார்பிலும் கையிலும் வழிய ஆரம்பித்தது. வேர்க்குரு கிளம்பி அரித்தது. பிரபுக்கள் சொறிவார்களா என்று புத்தகத்தில் இல்லை.

முதலில் பால்காரம்மா வந்தாள். தினமும் வாசல்படி வரை வந்து வம்பளந்துவிட்டுப் போகிறவள், அன்று தெரு முனையிலேயே செம்பை வைத்துவிட்டுக் கும்பிட்டாள். கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். சரி, அவளுக்கு என்ன அவசரமோ. பிறகு ஸ்டேஷன் போர்ட்டர் வந்தார். பத்தடி தள்ளி நின்றே பேசினார். பத்து நாளைக்கு நான் வேலைக்கு வரவேண்டாமென்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லச் சொன்னாராம். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம்.

விஷயம் வெளியே தெரிந்துவிட்டது! ஜட்காக்காரர் வழியில் கடிதத்தைப் பிரித்துப் படித்திருக்கிறார். என் கவிதை ஸ்டேஷன் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரைச் சிரிக்க வைத்தவனைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. இப்படியெல்லாம் நினைப்பு ஓடிற்றே தவிர, நிஜமான காரணம் மட்டும் புத்தியில் தட்டவில்லை. கவிதை நன்றாக இல்லாததால் ஒருவனை வேலையை விட்டு நிறுத்துவார்களா என்று ரயில்வே விதிகளை மனசுக்குள் புரட்டினேன். வேலையும் போய், மனைவியும் வராமல், மூன்று சட்டையோடு நான் மட்டும் மிஞ்சுவதை நினைத்துப் பார்த்தேன்.

வெயில் உச்சிக்கு வந்தது. பதில் இல்லை. அந்த அரசவையில் காலையில் கடிதம் அனுப்பினால் மத்தியானத்துக்குள் பதில் வந்தாக வேண்டும். தாமதமானால் அந்தப் பெண்ணுக்கு உன்மேல் மனமில்லை என்று அர்த்தமாம். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒருவேளை அச்சுப்பிழையோ என்று அடுத்த பக்கத்தையும் பார்த்தேன். அவள் வரமாட்டாள் என்று அப்போதுதான் உண்மையிலேயே பயந்தேன். யாரையும் சிரிக்க வைக்கத் தோன்றவில்லை. சிரிப்பதற்கு வீட்டில் யாரும் இல்லை.

இரண்டு மணி இருக்கும். தெருக்கோடியில் மாட்டு வண்டி ஒன்று நிற்கிற சத்தம். மச்சானின் குரல், போகாதே, போகாதே என்று. தட்டியைத் தள்ளிக்கொண்டு என் மனைவி உள்ளே வந்தாள். கையில் ஒரு மோர்ச் செம்பு, இன்னொரு கையில் என் கடிதம், கட்டிய கொத்தோடு. முடிச்சு அவிழ்க்கப்படவே இல்லை.

நான் எழுந்து நின்றேன். செம்பை வைத்துவிட்டு நேராக வந்து என் கோட்டை விலக்கினாள். பச்சையை விலக்கினாள். சிவப்புச் சட்டையைத் தூக்கி மார்பைப் பார்த்தாள். வேர்க்குருவும் அதன்மேல் வழிந்த சாயமும் அவள் கண்ணில் பட்டன. “தாயே, வேற்காட்டம்மா” என்று முணுமுணுத்தபடி விரலால் தொட்டாள். சாயம் விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் தொட்டாள். நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

“இது வேர்க்குரு” என்றாள்.

“ஆமா.”

“அம்மை இல்ல?”

அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு எல்லாம் வரிசையாக விளங்கிற்று. ஜட்காக்காரரின் செருப்பு, பால்காரம்மாவின் கும்பிடு, பத்து நாள் லீவு. கரையான்சாவடியில் நடந்ததை அவள் மூச்சு வாங்கிச் சொன்னாள். வண்டிக்காரர் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே போய், வேற்காட்டு அம்மன் கோயிலில் இறங்கிக் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் அவர்கள் வீட்டுக்கே வந்திருக்கிறார். இருபத்திரண்டு நாளாக ஆள் அம்மையோடு நடமாடுவதாகச் சொல்லியிருக்கிறார். கொத்தை வாங்க வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. மச்சான் கதவுக்குக் குறுக்கே நின்று இவளைத் தடுத்திருக்கிறார், ஏனென்றால் இவளுக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததே இல்லை. இதுவரை வராதவர்கள் அந்த வீட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் வந்து, தொட்டுப் பார்த்தாள்.

நான் ஜப்பானைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். திரை, அங்கி, கொத்து, தாள், எல்லாவற்றையும். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். அடிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கொத்தைச் சுவாமி மாடத்தில் வைத்தாள், நாளைக்கே வேற்காட்டுக்குப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்றாள். முடிச்சை அவிழ்த்துத் தாளைப் பிரித்தாள். ஐந்தாவது வரை படித்தவள். விரல் வைத்து நிதானமாகப் படித்தாள்.

“கெணத்துத் தண்ணி குளிர்ந்து கீதுன்னு எழுதிக்கீறீங்க.”

“ஆமா.”

“நான் போறப்பவே கெணத்துல சேறுதான் கெடந்திச்சி. ஏரிலேர்ந்து கொடத்துல எடுத்துக்கினு வந்து பானையில ஊத்துனது நானு. குளிர்ந்த தண்ணின்னு நீங்க குடிச்சதெல்லாம் அதான்.”

எனக்கு மயிர் கூச்செறிந்தது. வந்த கவிதையிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பொறுக்கி எடுத்து, அதையே திருப்பி, எழுதியவன் நெஞ்சில் குத்துகிற மாதிரி அனுப்புவதுதான் அந்த அரசவைப் பெண்களின் பதில் முறை. அதற்குத்தான் அங்கே அதிக மதிப்பு. அந்தப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத இவள் சமையலறை வாசலில் நின்றபடி அதைச் செய்துவிட்டாள். இடமோ வலமோ, அவள் எந்தக் கட்சியில் இருந்தாளோ அந்தக் கட்சி ஜெயித்தது.

இதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

“நீ வரமாட்டேன்னு பயந்துட்டேன்” என்றேன்.

வாலைக் கட்டாமல், அப்படியே வந்தது. அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், பின்னால் ஏதாவது வேடிக்கை ஒளிந்திருக்கிறதா என்று. இல்லை என்று தெரிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இது எனக்கு. எங்கண்ணனுக்கு?”

மச்சான் தெருக்கோடியில் புளியமரத்தடியில் நின்றிருந்தார். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டியிருந்தார். நான் வாசலில் இறங்கினேன். கோட்டு திறந்து, சட்டைகள் விலகி, மார்பிலும் கழுத்திலும் சிவப்பு வழிந்தபடி அவரை நோக்கி நடந்தேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

“மச்சான், ஒரு வார்த்தை.”

நான்கடி பின்னால் போனார். நான் வேகமாக நடந்தேன். அவரும் நடந்தார், முகத்தை என் பக்கம் வைத்துக்கொண்டே பின்பக்கமாக. நான் ஓடினேன். அவர் திரும்பிக்கொண்டு ஓடினார். மன்னிப்புக் கேட்பதற்காக ஒருவரைத் துரத்திக்கொண்டு ஓடியவன் அந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேலி ஓரத்தில் இருந்த பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். மச்சான் கால்வாயைத் தாண்டி ஏரிக்கரை மேல் ஏறி, மூச்சு வாங்கி நின்றார். நான் கால்வாய்க்கு இந்தப் பக்கம் நின்றேன். அதற்கு மேல் ஓட இருவருக்கும் வயது இல்லை.

“அன்னிக்கு நிச்சயதார்த்தத்துல நான் பண்ணது தப்பு மச்சான்” என்று கத்தினேன். அந்தத் தூரத்துக்குக் கத்தத்தான் வேண்டியிருந்தது. “உன்னை சாப்புட உடாம பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடு.”

அவர் மூக்கிலிருந்த துண்டைக் கொஞ்சம் இறக்கினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்குப் பின்னால், கால்வாய் வரை வந்து நின்றிருந்த தங்கையைப் பார்த்து, கவலையோடு குரல் கொடுத்தார்:

“இன்னாம்மா இது, மாப்ள சிரிக்காம பேசுறாரு? ஜுரம் தலைக்கு ஏறிக்கிச்சா?”

“அவுருக்கு ஒண்ணும் இல்லண்ணே” என்றாள் என் மனைவி. “வா, ஊட்டுக்கு வா. அரிசி களைஞ்சி போடறேன், சாப்ட்டுட்டுப் போ.”